பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களில் ஒரு சீசன் எவ்வளவு நீளமானது, ஓர் எபிசோடுக்கு எந்த எண் உரியது என்னும் கேள்விகள் மேலோட்டமாகப் பார்த்தால் எளியவை. ஆனால் ஒரே தொடருக்குத் தொலைக்காட்சி நிலையம் ஒரு கணக்கும், குறுந்தகடு ஒரு கணக்கும், இணையவழிச் சேவை வேறொரு கணக்கும் சொல்லும்போது, அந்த எண்ணை நம்பிப் பார்க்கத் தொடங்கியவர் கதையின் நடுவில் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார். 2000-களின் பிற்பகுதியில் கல்லூரி விடுதிகளில் அறைக்கு அறை கைமாறிய வன்தட்டுகளின் வழியே அனிமேயை அறிந்தவர்களுக்கு இது அன்றாட அனுபவமாக இருந்தது. அவர்களில் ஒருவரான இக்கட்டுரையாளர் அக்காலத்தில் ஒரு கோடு போட்ட நோட்டில் தொடரின் பெயர், எபிசோடு எண், பார்த்த தேதி என்று மூன்று பத்திகள் பிரித்துக் குறித்து வந்தார். பெயர்ப் பத்தியிலும் தேதிப் பத்தியிலும் திருத்தங்கள் அரிது. எண் பத்தியில் அடித்தலும் மேலெழுதலும் இல்லாத பக்கமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை எழுதியவரின் கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல என்பதும், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ஒளிபரப்பு வரலாற்றின் ஒரு செய்தி இருக்கிறது என்பதும் அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கின.

ஜப்பானிய மொழியில் எபிசோடைக் குறிக்கும் அலகு 'வா' என்பது. கதை, பேச்சு என்னும் பொருள் உடையது. ஒரு தொடர் இடைவெளி விட்டு மீண்டும் வரும்போது ஒவ்வொரு வரவையும் 'கி' என்னும் சொல்லால் முதல் கி, இரண்டாம் கி என்று எண்ணுவர். காலக்கட்டம் என்பது அதன் பொருள். இவ்விரண்டுக்கும் நடுவே, தொலைக்காட்சித் தொழிலுக்கே உரிய மூன்றாவது அலகு ஒன்று உண்டு. 'கூரு' எனப்படும் அந்த அலகு ஆண்டின் நான்கில் ஒரு பங்கு, அதாவது மூன்று மாதம். ஆண்டுக்கு 52 வாரம் என்றால் ஒரு கூருவுக்கு 13 வாரம், வாரத்துக்கு ஓர் எபிசோடு என்றால் 13 எபிசோடு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் நிலையங்கள் தம் நிகழ்ச்சி அட்டவணையை மாற்றி அமைக்கின்றன. அம்மாற்றத்தின்போது சிறப்பு நிகழ்ச்சிகள் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டால் 13 என்பது 12 ஆகும், சில வேளை 11 அல்லது 10 என்றும் சுருங்கும். ஆங்கிலத்தில் சீசன் என்னும் ஒரே சொல் குளிர்காலம், இளவேனில் போன்ற பருவத்தையும் தொடரின் ஒரு கட்டத்தையும் சேர்த்துக் குறிப்பதால், 'இளவேனில் சீசன்' என்று கேட்டவருக்கு அது ஏப்ரலில் தொடங்கும் எல்லாத் தொடர்களின் கூட்டமா, ஒரு தொடரின் ஒரு பாகமா என்னும் மயக்கம் எழுகிறது. பருவம் என்றும் சீசன் என்றும் இரண்டு சொற்கள் புழங்கும் தமிழில் இந்த மயக்கத்துக்கு இடமில்லை. பருவத்தைப் பருவம் என்றே சொல்லிவிடலாம்.

தொடக்கக் காலத் தொடர்களில் இந்தப் பிரிப்பே இல்லை. ஒசாமு தேஸுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி 1 அன்று தொடங்கி 1966 டிசம்பர் 31 வரை 193 எபிசோடுகள் ஒரே ஓட்டமாக வந்தது. அதற்கு சீசன்கள் இருந்தனவா என்று கேட்பது, ஓடும் ஆற்றுக்கு எத்தனை பாகம் என்று கேட்பது போன்றது. 1969 அக்டோபரில் தொடங்கி இன்றும் ஞாயிறு மாலை 6.30-க்கு வரும் 'சஸாயே-சான்' அதைவிடத் தனித்தன்மை வாய்ந்தது: ஒரு வார நிகழ்ச்சிக்குள் மூன்று சிறு கதைகள் உண்டு, அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரிசை எண் உண்டு. ஆகவே அத்தொடரில் வாரங்களை எண்ணுபவருக்கும் கதைகளை எண்ணுபவருக்கும் விடைகள் வெவ்வேறாகவே இருக்கும்.

கூரு என்னும் அலகு எவ்வளவு வலிமையானது என்பது அது முறியும் இடத்தில்தான் தெரிகிறது. 1974-இல் வந்த 'விண்கப்பல் யமாட்டோ' 39 எபிசோடுகளுக்குத் திட்டமிடப்பட்டு 26-இல் முடிந்தது. அதாவது மூன்று கூருவில் ஒரு கூரு முழுதாக உதிர்ந்தது, எண்ணில் வடு தெரியவில்லை. 1979 ஏப்ரலில் தொடங்கிய 'மொபைல் சூட் கண்டம்' 52-க்குத் திட்டமிடப்பட்டு, பார்வையாளர் எண்ணிக்கையும் பொம்மை விற்பனையும் எதிர்பார்த்தபடி அமையாமையால் 1980 ஜனவரியில் 43-ஆம் எபிசோடுடன் நிறுத்தப்பட்டது. 43 என்பது 13-இன் மடங்கு அன்று. வெட்டுப்பட்ட இடம் அந்த எண்ணிலேயே தெரிகிறது. மறு ஒளிபரப்புகளில் பெரும் புகழ் பெற்று இன்றுவரை கிளைத்துக்கொண்டிருக்கும் அத்தொடரின் முதல் வரவு முழுமை பெறாத ஒன்று என்பதை, வரலாறு எதையும் படிக்காமல் எபிசோடுகளை எண்ணிப் பார்த்தே ஒருவர் ஊகிக்கலாம். கட்டுரையாளரின் நோட்டில் 'கண்டம்' தொடருக்கு 42 என்று எழுதி, பின்னர் 43 என்று திருத்தியிருக்கிறது. 15-ஆம் எபிசோடு ஆங்கில வெளியீட்டில் விடுபட்டிருந்ததே அதற்குக் காரணம்.

கடல் கடந்தபோது எண்களுக்கு நேர்ந்தவற்றுள் மிகத் துணிவானது 1985-இல் அமெரிக்காவில் வந்த 'ரோபோடெக்'. வாரத்துக்கு ஐந்து நாள் என்று 13 வாரம் ஓட்ட 65 எபிசோடுகளாவது வேண்டும் என்பது அங்குள்ள நிலையங்களின் தேவை. 'மேக்ராஸ்' தொடரில் இருந்தவையோ 36 மட்டுமே. எனவே ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மூன்று ஜப்பானியத் தொடர்களை, 36, 23, 25 எபிசோடுகள் கொண்டவற்றை, ஒரே கதையின் மூன்று தலைமுறைகளாக்கி, இணைப்புக்காக ஒன்றையும் சேர்த்து 85 ஆக்கினர். ஒரு கதையின் நீளத்தைக் கதை முடிவு செய்யாமல் அட்டவணை முடிவு செய்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். ஆயினும் அவ்வாறு ஒட்டுப்போட்ட அக்கதையை உளமார நேசித்து வளர்ந்த அமெரிக்கத் தலைமுறை ஒன்று உண்டு என்பதும் மறுக்க முடியாதது.

எண் தொடர்வதும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதும் காலத்தோடு எவ்வளவு தளர்வான உறவு கொண்டவை என்பதை இரண்டு தொடர்களைப் பக்கத்தில் வைத்தால் காணலாம். 'நருட்டோ' 2007 பிப்ரவரி 8 அன்று 220-ஆம் எபிசோடுடன் முடிந்தது. அடுத்த வாரமே, அதே நிலையத்தில், 'நருட்டோ ஷிப்புடென்' என்னும் பெயரில் முதல் எபிசோடு வந்தது. பார்வையாளர் வழக்கமான ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கவில்லை, ஆனால் கதைக்குள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தத் தாவலையே புதிய எண் குறித்தது. 'கிண்டாமா' இதற்கு நேர் எதிர். 2010 மார்ச்சில் 201-ஆம் எபிசோடுடன் நின்று, ஓராண்டு கழித்து 2011 ஏப்ரலில் தலைப்பில் ஒரு சிறு குறியை மட்டும் சேர்த்துக்கொண்டு திரும்பியபோது, அது 202 என்றே எண்ணத் தொடங்கி, மேலும் பல இடைவெளிகளைத் தாண்டி 367 வரை சென்றது. முன்னதில் காலம் அறுபடவில்லை, எண் அறுபட்டது. பின்னதில் காலம் அறுபட்டது, எண் அறுபடவில்லை. 'பொன்னியின் செல்வன்' வாரந்தோறும் வந்த நாட்களில் ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியதை அறிந்த தமிழ் வாசகருக்கு 'நருட்டோ'வின் முறை பழக்கமானதாகவே தோன்றும். கட்டுரையாளரின் மனம் சாய்வதோ 'கிண்டாமா'வின் பக்கம். ஓராண்டு பிரிவுக்குப் பின் எதுவும் நடக்காததைப் போல விட்ட இடத்திலிருந்து எண்ணுவதில், காத்திருந்தவர்களுக்குக் காட்டும் ஒரு மரியாதை இருக்கிறது.

எண் இருந்தும் எபிசோடு இல்லாத நிலையும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான 'போக்கிமான்' 38-ஆம் எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி விரைவாக மின்னிய காட்சியால் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டு, 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; அவர்களில் பெரும்பாலானோர் சிறுவர்கள். தொடர் நான்கு மாதம் நின்று 1998 ஏப்ரல் 16 அன்று திரும்பியது. அந்த எபிசோடு பின்னர் ஒருபோதும் ஒளிபரப்பப்படவில்லை. 38 என்னும் இடம் மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கிறது. நிறுத்தத்தின் விளைவு அத்துடன் நிற்கவில்லை. அந்த டிசம்பரிலேயே வரவேண்டிய கிறிஸ்துமஸ் கதை அக்டோபர் வரை தள்ளிப்போனதால், அதற்குள் கதையில் இருமுறை உருமாறி வளர்ந்துவிட்ட சார்மேண்டர் என்னும் பிராணி, அந்த எபிசோடில் மீண்டும் குட்டியாகத் தோன்றியது. பள்ளி நாட்களில் கேபிள் தொலைக்காட்சியில் ஆங்கிலக் குரலில் இத்தொடரைப் பார்த்த கட்டுரையாளருக்கு, சிறகு முளைத்துப் பறந்த உயிர் வாலில் சுடரேந்திய சிறு பிராணியாகத் திரும்பி வந்தது பெரும் புதிராக இருந்தது; அது மூப்படைந்து இறந்து மறுபடி பிறந்திருக்க வேண்டும் என்று அவரும் அவருடைய தங்கையும் தமக்குள் ஒரு விளக்கம் செய்துகொண்டனர். தொலைதூர நாட்டில் மருத்துவமனைக்குச் சென்ற குழந்தைகளின் துயரம்தான் அந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று அறியவந்த நாளில் இருந்து, வரிசை பிசகிய எந்தப் பட்டியலையும் அவர் பிழை என்று உடனே ஒதுக்குவதில்லை.

பின்ன எண்களும் பெரும் மயக்கம் தருபவை. 13.5 என்று எண்ணிட்டு வருவது பெரும்பாலும் 'சோஷூஹென்', அதாவது முந்தைய எபிசோடுகளின் காட்சிகளைத் தொகுத்துக் கதையை நினைவூட்டும் பகுதி. வரைபவர்களுக்கு ஒரு வார மூச்சு கிடைப்பதற்காக அமைவதும் உண்டு. இதை அறிந்தவர் பின்ன எண் கண்டால் தாண்டிச் செல்லப் பழகிவிடுவார். ஆனால் 2010-இல் வந்த 'துராராரா' தொடரின் 12.5 குறுந்தகட்டுக்கென்றே செய்யப்பட்ட முழுப் புதுக் கதை, தாண்டியவர் இழந்தார். தேதிகளிலும் மயக்கம் உண்டு. நள்ளிரவுக்குப் பிந்தைய ஒளிபரப்பை ஜப்பானிய நிலையங்கள் 25.30 மணி என்பதுபோல் முந்தைய நாளோடு சேர்த்து எண்ணுவதால், சனிக்கிழமை 25.30 என்பது உண்மையில் ஞாயிறு அதிகாலை 1.30. எபிசோடு தேதிகள் பட்டியலுக்குப் பட்டியல் ஒரு நாள் வேறுபடுவதற்கு இதுவே முதற்காரணம். நோட்டின் தேதிப் பத்தியை இந்த மயக்கம் தொடவில்லை. அதில் இருந்தவை விடுதி அறையில் பார்த்த தேதிகள்.

இவை அனைத்திலும் எண்ணையே கலையின் பகுதியாக்கிய தொடர் 'ஹருஹி சுஸுமியாவின் மனச்சோர்வு'. தனிகாவா நகாருவின் நாவல்களை ஒட்டிக் கியோட்டோ அனிமேஷன் உருவாக்கிய இத்தொடர் 2006 ஏப்ரல் முதல் ஜூலை வரை 14 எபிசோடுகளாக வந்தபோது, கதையின் கால வரிசை முற்றிலும் கலைக்கப்பட்டிருந்தது. முதல் வாரம் பார்த்தவர் கண்டது, கதை மாந்தரான மாணவர்கள் பள்ளி விழாவுக்காக எடுத்த கத்துக்குட்டித் திரைப்படம்; கேமரா ஆடுகிறது, நடிப்பு தடுமாறுகிறது, யார் எவர் என்பதே தெரியவில்லை. கால வரிசைப்படி அது 11-ஆம் எபிசோடு. கதையின் உண்மையான தொடக்கம் இரண்டாம் வாரத்தில் வந்தது. ஒவ்வொரு வாரத்தின் இறுதியிலும் வரும் அடுத்த வார முன்னோட்டத்தில் நாயகி ஹருஹி கால வரிசைப்படியான எண்ணைச் சொல்வாள்; கதையை எடுத்துரைக்கும் கியோன் குறுக்கிட்டு ஒளிபரப்பு எண்ணைச் சொல்லித் திருத்துவான். ஆக, ஒரே எபிசோடுக்கு இரண்டு எண்கள் என்பது பட்டியல் தொகுப்பவரின் சிக்கலாக இல்லாமல், கதைமாந்தர் இருவரின் வாரந்தோறும் தொடரும் வாக்குவாதமாகவே அமைந்தது. உலகம் தன் விருப்பப்படி இயங்க வேண்டும் என்று நினைப்பவள் அவள். அதை நடப்புக்கு இழுத்து வருபவன் அவன். யாருடைய எண் சரி என்பதும் அந்த உறவின் ஒரு துளிதான்.

14 எபிசோடுகளில் இரண்டு வரிசைகளும் ஒன்றுபடும் இடம் ஒன்றே ஒன்று. பள்ளி விழா மேடையில் ஹருஹி பாடும் எபிசோடு ஒளிபரப்பிலும் 12, காலத்திலும் 12. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் தன்னைச் சுற்றியுள்ள உலகத்தோடு எப்போதும் முரண்பட்டு நிற்கும் அப்பெண், பிறருக்காக ஒன்றைச் செய்து, அவர்களின் நன்றியை எப்படி ஏற்பது என்று தெரியாமல் திணறும் எபிசோடில் அவளுடைய எண்ணும் கியோனின் எண்ணும் ஒன்றாகின்றன என்பதை, நோட்டில் இரு பத்தி போட்டு எழுதியபோது கண்டுகொண்ட மகிழ்ச்சி கட்டுரையாளருக்கு இன்னும் குறையவில்லை. அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருக்கிறது.

2009-இல் இத்தொடர் மீண்டும் ஒளிபரப்பானபோது சிக்கல் முதிர்ந்தது. இம்முறை வரிசை கால வரிசை. பழைய 14 எபிசோடுகளுக்கு நடுவே புதிய 14 எபிசோடுகள் அவை நிகழ வேண்டிய இடங்களில் பொருத்தப்பட்டு 28 ஆயின. எனவே இதனை இரண்டாம் சீசன் என்பதா, மறு ஒளிபரப்பு என்பதா என்னும் வினாவுக்கு எந்த விடையும் முழுமையாகப் பொருந்தாது: பாதி பழையது, பாதி புதியது, இரண்டும் ஒரே எண் வரிசையில் பின்னிக் கிடக்கின்றன. முன்பு ஒளிபரப்பில் 7 ஆக இருந்தது 9 ஆனது, 11 ஆக இருந்தது 27 ஆனது. இப்புதியவற்றுள் 12 முதல் 19 வரையிலான எட்டும் 'முடிவிலா எட்டு' என்னும் ஒரே தலைப்பு உடையவை. கோடை விடுமுறையின் ஆகஸ்ட் 17 முதல் 31 வரையிலான இரு வாரம், விடுமுறை முடிவதை ஹருஹியின் உள்மனம் ஏற்க மறுப்பதால், மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. இரண்டாம் பகுதியில் அது 15,498-ஆம் முறை, எட்டாம் பகுதியில் 15,532-ஆம் முறை. மூலச் சிறுகதை இறுதிச் சுழற்சி ஒன்றை மட்டுமே சொல்கிறது. தொலைக்காட்சியிலோ அதே நீச்சல் குளம், அதே விழாக்கடைகள், அதே வாணவேடிக்கை, ஏறக்குறைய அதே உரையாடல் ஆகியன ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை எட்டு வாரம் வந்தன; ஆனால் எதுவும் படியெடுக்கப்பட்டதன்று. ஒவ்வொன்றும் புதிதாக வரையப்பட்டு, குரல்கள் புதிதாகப் பதிவு செய்யப்பட்டு, உடைகளும் கோணங்களும் மாறியவை.

இந்த எட்டும் விடுதிக்கு ஒரே வன்தட்டில் வந்து சேர்ந்தன. பக்கத்து அறை நண்பர், இடப் பற்றாக்குறையால் தட்டைத் துப்புரவு செய்தபோது, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, ஒரே கோப்பு எட்டுமுறை நகலாகிவிட்டது என்று முடிவு செய்து, முதலாவதையும் கடைசியையும் வைத்துக்கொண்டு இடையில் இருந்த ஆறையும் நீக்கிவிட்டார். அவர் மேல் குறை சொல்ல இடமில்லை. எண்கள் 12, 13, 14 என்று ஓடினாலும் கண் கண்டது ஒன்றையே. கட்டுரையாளர் 12-ஐயும் 19-ஐயும் மட்டும் பார்த்து, நோட்டில் 'இடையில் ஆறு இல்லை' என்று எழுதிவைத்தார். அந்த ஆறும் கிடைக்க மேலும் ஏழு மாதங்கள் ஆயின. அப்போது அவர் அவற்றை ஒரே இரவில் பார்க்காமல், ஜப்பானியப் பார்வையாளர் பார்த்ததுபோல் வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தார். ஐந்தாம் வாரத்தில் எரிச்சலும் ஆறாம் வாரத்தில் களைப்பும் வந்தன. ஏழாம் வாரத்தில், அத்தனை சுழற்சிகளையும் ஒன்றுவிடாமல் நினைவில் சுமந்தபடி யாரிடமும் முறையிடாமல் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும், கதைமாந்தருள் ஒருத்தியான நகாதோ யூகியின் முகத்தை அவர் முதன்முறையாக உண்மையில் கவனித்தார். அந்த எட்டு எண்களையும் ஒன்றாகச் சுருக்கியிருந்தால் கதை எதையும் இழந்திருக்காது, ஆனால் அந்த முகம் வெறும் முகமாகவே கடந்து போயிருக்கும்.

எண் என்பது காத்திருத்தலின் பதிவு என்னும் கருத்து கட்டுரையாளரிடம் வேரூன்றியது அப்போதுதான். 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரைப் பின்தொடர்ந்த பத்தாண்டுகள் அதை வலுப்படுத்தின. 2013-இல் 25 எபிசோடுகளும், நான்காண்டு இடைவெளிக்குப் பின் 2017-இல் 12-உம், 2018-இலும் 2019-இலும் மூன்றாம் சீசன் இரண்டு பாகமாக 12-உம் 10-உம், 2020 டிசம்பரில் தொடங்கிய 'இறுதி சீசன்' 16-உம், 2022-இல் அதன் இரண்டாம் பாகம் 12-உம் என்று 87 வரை எண் அறாமல் ஓடியது. அதன்பின் 'இறுதி சீசன்' மூன்றாம் முறையும் நீண்டு, 2023 மார்ச்சிலும் நவம்பரிலும் இரண்டு நெடிய சிறப்பு நிகழ்ச்சிகளாக நிறைவுற்றது. இடையே பல மாத இடைவெளிகள் விழுந்தும் ஒரே சீசனாக எண்ணப்படுவதற்குக் காரணம், அடுத்தடுத்த கூருக்களில் தொடர்ந்து வரவேண்டிய ஒன்றைத் தயாரிப்பு நெருக்கடி கருதிப் பிரித்து ஒளிபரப்பும் வழக்கம் அதற்குள் நிலைபெற்றுவிட்டமையே. பிரிந்த கூரு என்று அதனைக் குறிப்பர். பின்னாளில் அவ்விரு சிறப்பு நிகழ்ச்சிகளும் வழக்கமான நீளத்துக்கு ஏழாகப் பகுக்கப்பட்டதால் மொத்தம் 94 என்று சொல்வோரும் உண்டு, 89 என்று சொல்வோரும் உண்டு. கட்டுரையாளர் 89 என்பதையே கொள்கிறார். அந்த நவம்பர் இரவில் உலகெங்கும் மக்கள் ஒரே அமர்வாகப் பார்த்து முடித்ததை நான்கு எபிசோடுகள் என்று சொல்வது, நடந்த ஒன்றை நடவாத வடிவில் பதிவது ஆகும்.

அண்மையில் கட்டுரையாளரின் தங்கை மகள், பள்ளி இறுதி வகுப்பில் இருப்பவள், 'ஹருஹி'யைக் கால வரிசையில் பார்க்கத் தொடங்கினாள். 14-ஆம் எபிசோடுக்கு வந்ததும், பார்த்ததையே செயலி திரும்பத் திரும்ப ஓட்டுகிறதோ என்று ஐயுற்று மாமாவிடம் கேட்டாள். விளக்கம் கேட்டபின் எட்டையும் ஒரே மாலையில், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாகச் செலவிட்டுப் பார்த்து முடித்தாள். நன்றாக இருந்ததென்றும், கொஞ்சம் நீளம் என்றும் சொன்னாள். தொடர் முழுவதையும் முடித்த பின், 2006-இல் பார்த்தவர்களுக்கு அது எந்த வரிசையில் வந்தது என்று அவளாகவே கேட்டாள். நோட்டு பரணிலிருந்து இறக்கப்பட்டது. பென்சில் கட்டம் போட்ட பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, இன்றைய 28-இன் எண்களுக்கு மாற்றி, ஒரு துண்டுச் சீட்டில் கட்டுரையாளர் எழுதிக் கொடுத்தார்: 25, 1, 2, 7, 3, 10, 9, 11, 28, 4, 27, 26, 5, 6. அவள் அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து, வாரத்துக்கு ஒன்று என்று, 25-இலிருந்து தொடங்கினாள்.